வயிறு பேசாது, வாய்தான் பேச வேண்டும்

(செரிமானக் கோளாறு உள்ள நோயாளிகளுக்குத் தாதியர் எழுதும் பராமரிப்புத் திட்டம் குறித்துத் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மலாக்கா மாநிலத்தின் தங்கா பத்து, பாயா ரும்புட், சுங்கை ஊடாங் வட்டாரத்தில் ஒரு தமிழ்க் குடும்பம். அந்த வீட்டில் ஒருவருக்கு வயிற்றில் கோளாறு. அதை அவர் வீட்டில் எப்படியெல்லாம் சொல்வார் என்று எண்ணிப் பாருங்கள். "நெஞ்சு கரிக்குது" என்பார். "புளிச்ச ஏப்பமா வருது" என்பார். "வயிறு உப்பிக்கிட்டு நிக்குது", "குமட்டுது", "அடிவயித்தைப் புரட்டுது", "கடுப்பா இருக்கு", "சீதமா போகுது" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறார். ஒவ்வொரு சொல்லும் உடம்பில் ஒவ்வோர் இடத்தைக் காட்டுகிறது. நெஞ்சு கரிப்பது உணவுக்குழாயின் சங்கதி. கடுப்பும் சீதமும் பெருங்குடலின் சங்கதி.

அதே மனிதர் மருத்துவமனைக்குப் போய், மலாய்மொழி பேசும் தாதியின் முன்னால் உட்கார்ந்ததும் என்ன ஆகிறது? இத்தனை சொல்லும் மறைந்து, இரண்டே சொல் மிஞ்சுகிறது: "சாக்கிட் பெருட்". இன்னும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல நினைப்பவர் "கேஸ்திரிக்" என்பார், அல்லது "காத்து" என்பார். தாதி அதை அப்படியே எழுதிக்கொள்கிறார். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

திட்டம் என்றால் என்ன?

தாதிமைப் பராமரிப்புத் திட்டம் என்றதும் பலருக்கு அது ஏதோ பரீட்சைக்கு எழுதுகிற தாள் என்ற எண்ணம் இருக்கிறது. பயிற்சி மாணவர்களே சிலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு வேலை ஒப்படைப்பு. காலை ஷிப்டில் இருக்கும் தாதி, இரவு ஷிப்டில் வரப்போகும் தாதியிடம், "இந்த நோயாளிக்கு இன்னதுதான் தொல்லை, இதை இப்படிக் கவனித்தோம், நாளைக் காலைக்குள் இந்த மாற்றம் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் டாக்டரைக் கூப்பிடுங்கள்" என்று எழுத்தில் சொல்லிவிட்டுப் போவதுதான் அந்தத் திட்டம்.

அதில் ஐந்து படிகள் உண்டு. முதலாவது, நோயாளியைக் கேட்டும் பார்த்தும் விவரம் திரட்டுவது. இரண்டாவது, அந்த விவரத்திலிருந்து தாதியின் கவனிப்புக்குரிய பிரச்சினை எது என்று முடிவு செய்வது. மூன்றாவது, எதை, எத்தனை மணி நேரத்தில் எட்ட வேண்டும் என்று இலக்கு வைப்பது. நான்காவது, செய்ய வேண்டியதைச் செய்வது. ஐந்தாவது, இலக்கை எட்டினோமா என்று திரும்பிப் பார்ப்பது.

இரண்டாவது படியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். டாக்டர் "குடற்புண்" என்று எழுதுவார். அது நோயின் பெயர். தாதியும் அதையே எழுதினால் பயனில்லை. அந்த நோயால் இந்த மனிதர் என்ன பாடுபடுகிறார் என்பதைத் தாதி எழுத வேண்டும். "தொடர்ந்த வயிற்றுப்போக்கினால் உடலில் நீர் குறைந்துள்ளது, நாக்கு வறண்டிருப்பதாலும் சிறுநீர் குறைந்திருப்பதாலும் இது தெரிகிறது." பிரச்சினை, காரணம், அடையாளம் என்ற மூன்றும் அந்த ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டன. இப்படித் தாதியர் கண்டறியும் பிரச்சினைகளுக்கென்று பொதுவான பெயர்ப் பட்டியல் வேண்டும் என்று 1973-இல் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் ஒரு மாநாடே கூடியது. வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல், குமட்டல், நீர்ச்சத்துக் குறைவு எல்லாம் அந்தப் பட்டியலில் இடம்பெற்றன.

ஆனால் பட்டியலைப் பார்த்து எழுதுவது எளிது. முதல் படியில் கேட்க வேண்டியதைக் கேட்காவிட்டால், பின்னால் வரும் நான்கு படிகளும் மணலில் கட்டிய வீடுதான்.

நைட்டிங்கேல் கண்ட குறை

இது புதிய குறையும் அன்று. நவீனத் தாதிமையின் தாய் என்று போற்றப்படும் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் தாதிமை பற்றி எழுதிய நூலில், நோயாளியைக் கூர்ந்து கவனிப்பதற்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கினார். "வயிற்றுப்போக்கு இருக்கிறதா?" என்று மொட்டையாகக் கேட்டால், காலரா தொடங்கும் நிலையில் உள்ளவருக்கும் ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளாமல் சற்று இளகிப் போனவருக்கும் ஒரே பதில்தான் கிடைக்கும் என்பது அவர் சுட்டிக்காட்டிய குறை. எத்தனை முறை, எப்போது, எப்படி என்று கேட்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு என்று அவர் வருந்தினார். 160 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. "சாக்கிட் பெருட்" என்று எழுதி முடித்துவிடும் தாளைப் பார்த்தால், அவர் இன்றும் அதையேதான் சொல்வார்.

நம் திருவள்ளுவரும் இதில் சளைத்தவரல்லர். திருக்குறளின் 95-ஆம் அதிகாரம் மருந்து. அதன் பத்துக் குறட்பாக்களில் பெரும்பாலானவை பேசுவது செரிமானத்தைப் பற்றித்தான். முன்பு உண்டது அற்றதா என்று அறிந்து, அளவோடு உண்ண வேண்டும் என்பதையே அவர் திரும்பத் திரும்ப வற்புறுத்துகிறார். அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தின் நான்கு பகுதிகளை அடுக்குகிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர். வயிற்றைப் பற்றிய அதிகாரத்தை முடிக்கும்போது, கவனிப்பவரை மறவாமல் கணக்கில் சேர்த்திருக்கிறார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

தோட்டத்து வரலாறு

வயிற்று நோய் இந்நாட்டுத் தமிழர்களுக்குப் புதிதல்ல. ரப்பர்த் தோட்டங்கள் பெருகிய காலத்தில், காலணி இல்லாமல் ஈர மண்ணில் நடந்தவர்களைக் கொக்கிப்புழு பிடித்தது. அந்தப் புழு கால் தோலைத் துளைத்து உள்ளே போய், கடைசியில் சிறுகுடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். இரத்தசோகை பிடித்த மனிதன் மெதுவாக நடப்பான், சீக்கிரம் களைப்பான். மேலோட்டமாகப் பார்க்கிறவனுக்கு அது சோம்பலாகத் தெரியும். நோய் வயிற்றில் இருக்க, பழி குணத்தின் மேல் விழும்.

1915 முதல் 1917 வரை, ராக்கிஃபெல்லர் அறக்கட்டளை அனுப்பிய குழுவொன்று சாமுவேல் டார்லிங் என்ற மருத்துவரின் தலைமையில் மலாயா, ஜாவா, பிஜித் தீவுகளில் இந்தப் புழுவை ஆராய்ந்தது. மலத்தைச் சோதித்து, புழுக்களை எண்ணிப் பார்த்துத்தான் அவர்கள் நோயின் அளவை அறிந்தார்கள். அருவருப்பு என்று ஒதுக்கியிருந்தால் அந்த உண்மை வெளிவந்திருக்காது.

பிற்காலத்தில் தோட்டத்து மக்கள் "டிரெசர்" என்று அழைத்த மருத்துவ உதவியாளர்தான் பெரும்பாலும் முதல் மருத்துவர். அவரிடம் பெரிய கருவிகள் இல்லை. ஆனால் தமிழ் தெரிந்த டிரெசருக்கு லயத்தில் யார் என்ன சாப்பிடுகிறார்கள், யார் குடிப்பவர், யார் வீட்டுக் கிணறு கெட்டுப்போனது என்பதெல்லாம் தெரியும். தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறி, மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த பின், மருத்துவ வசதி கூடியது. ஆனால் நோயாளியின் வீட்டை அறிந்த அந்தக் காது குறைந்துவிட்டது. அந்த இடத்தை இன்று நிரப்ப வேண்டியது தாதியின் கேள்வியும் அவர் எழுதும் திட்டமும்தான்.

போங்காவோன் காட்டிய வழி

நல்ல திட்டம் என்ன செய்யும் என்பதற்கு உலகம் அறிந்த சான்று ஒன்று உண்டு. 1971-இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்காள எல்லையிலுள்ள போங்காவோனில் அகதிகள் குவிந்தார்கள். காலரா பரவியது. மருத்துவமனைத் தரையெல்லாம் நோயாளிகள். நரம்பு வழியாக ஏற்றும் நீர் தீர்ந்துகொண்டிருந்தது. அதை ஏற்றப் பயிற்சி பெற்றவர்களும் போதவில்லை.

டாக்டர் திலீப் மகலனோபிஸ் அங்கே ஒரு துணிச்சலான முடிவெடுத்தார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று பொட்டலம் கட்டச் செய்தார். கரைத்த நீரைக் குழாய் வைத்த பீப்பாய்களில் நிரப்பினார். அதைப் பிடித்து நோயாளிக்குப் புகட்டும் பொறுப்பைத் தாய், தந்தை, அண்ணன், அக்காள் என்று உறவினர்களிடமே கொடுத்தார். அதுவரை நூற்றுக்கு 30 பேர் என்ற அளவில் இருந்த மரணம், அந்த நீரைப் பருகியவர்களிடையே நூற்றுக்கு 4 பேருக்கும் கீழே இறங்கியது. 2022-இல் மறைந்த அவருக்கு இந்திய அரசு 2023-இல் பத்ம விபூஷண் விருது வழங்கியது.

இந்த வரலாற்றில் மருந்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். பராமரிப்புத் திட்டத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. பிரச்சினை என்ன? உடல் நீர் வற்றுகிறது. இலக்கு என்ன? வெளியே போகும் அளவுக்கு உள்ளே போக வேண்டும். யார் செய்வது? பக்கத்தில் இருப்பவர். எதைக் கொண்டு அளப்பது? குவளையைக் கொண்டு. எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் புரியும் அளவுக்குத் திட்டம் தெளிவாக இருந்ததால்தான் அது உயிர் காத்தது.

இன்று கிளினிக்கில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் அளவுகள் 2002-இல் உலகச் சுகாதார நிறுவனம் திருத்தியமைத்தவை. பொட்டலம் கிடைக்காத அவசர நேரத்தில், ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் தட்டையாக அளந்த ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். அளவு கூடக் கூடாது.

இரு திட்டங்கள், ஒரு பாட்டி

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். எடுத்துக்காட்டுக்காக ஒரு பாட்டியைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 68, எடை 50 கிலோ. முப்பது ஆண்டு பால்மரம் சீவியவர். முட்டி தேய்ந்துவிட்டது. இப்போது மகன் வீட்டில் இருக்கிறார். வயிற்று வலி, தலைசுற்றல் என்று வார்டில் சேர்க்கப்படுகிறார்.

முதல் திட்டம் இப்படி இருக்கிறது: "வயிற்று வலி. மருந்து கொடுக்கவும். ஓய்வு தேவை. நிறைய நீர் குடிக்கச் சொல்லவும். வலி குறைய வேண்டும்." இதில் பாட்டி எங்கே இருக்கிறார்? பக்கத்துக் கட்டிலில் உள்ளவருக்கும் இதையே ஒட்டலாம்.

இரண்டாவது தாதி கட்டில் ஓரத்தில் அமர்ந்து கேட்கிறார்: "பாட்டி, வெளிக்குப் போறது என்ன நிறத்துல இருக்கு?" பாட்டி மகனைப் பார்க்கிறார். மகனைச் சற்று வெளியே இருக்கச் சொன்ன பிறகு பதில் வருகிறது: "நாலு நாளா தார் மாதிரி கறுப்பா போகுதும்மா. இதை எப்படி ஆம்பளப் புள்ளகிட்ட சொல்றது?" தாதி தொடர்ந்து கேட்கிறார். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். பாட்டி அதைச் சாப்பிடவில்லை. ஆனால் முட்டி வலிக்கு, கடையில் வாங்கிய வலி மாத்திரையை வெறும் வயிற்றில் கோப்பியோடு தினமும் இரண்டு போட்டிருக்கிறார். கண்ணின் கீழ் இமை வெளுத்திருக்கிறது. நாடி நிமிடத்திற்கு 108.

இந்தத் தாதி முதலில் திட்டம் எழுத உட்காரவில்லை. உடனே டாக்டரிடம் சொல்கிறார். ஏனென்றால் ஒட்டும் தன்மையும் கெட்ட வாடையும் உள்ள தார் போன்ற மலம், இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ இரத்தம் கசிவதன் அடையாளம். அதன் பிறகு எழுதும் திட்டம் இது: "இரைப்பை வழி இரத்தக்கசிவால் உடலில் இரத்தமும் நீரும் குறையும் ஆபத்து. இலக்கு: 24 மணி நேரத்தில் நாடி 100-க்குக் கீழ்; சிறுநீர் மணிக்கு 25 மில்லிலிட்டருக்குக் குறையாமல். செய்ய வேண்டியது: டாக்டர் சொன்ன இடைவெளியில் நாடி, இரத்த அழுத்தம் பார்த்தல், ஒவ்வொரு முறையும் மலத்தைத் தாதியே பார்த்துக் குறித்தல், தலைசுற்றல் இருப்பதால் கழிவறைக்குத் தனியே விடாதிருத்தல், எண்டோஸ்கோப்பி முடியும்வரை வாய்வழி எதுவும் இல்லை, இதை மகனுக்கும் மருமகளுக்கும் தமிழில் விளக்குதல். மறுபரிசீலனை: நாளைக் காலை மணி 8."

"24 மணி நேரத்தில் கறுப்பு மலம் நிற்க வேண்டும்" என்று அவர் இலக்கு வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கசிவு நின்ற பிறகும் குடலில் தங்கிய பழைய இரத்தம் சில நாள் கறுப்பாகவே வெளிவரும். நடக்க முடியாத இலக்கை எழுதினால் திட்டத்தின் மேல் யாருக்கும் நம்பிக்கை இருக்காது.

உணவையும் எழுத வேண்டும்

செரிமான நோயாளியின் திட்டத்தில், அவர் வீட்டுச் சாப்பாடு இடம்பெற வேண்டும். "காரம் குறைக்கவும்" என்று அச்சடித்தாற்போல் எழுதுவதைவிட, இரவு பத்து மணிக்கு ரொட்டி சானாய் சாப்பிட்டு உடனே படுப்பவரா, காலையில் வெறும் கோப்பியோடு வேலைக்கு ஓடுபவரா என்று கேட்டு எழுதுவது மேல். நெஞ்சு கரிப்பவருக்கு, இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே இரண்டு மூன்று மணி நேரம் விடுவதும், கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துவதும் பயன் தரும்.

வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவரா என்றும் கேட்க வேண்டும். இரைப்பைப் புண்ணுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. இதைக் கண்டறிந்த ஆஸ்திரேலியர்களான பேரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்நாட்டில் மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடமும் சீனர்களிடமும் இக்கிருமி அதிகம் என்று மலேசிய ஆய்வுகள் காட்டியுள்ளன. இதற்குரிய மாத்திரைகளை டாக்டர் சொன்ன நாள்வரை ஒரு வேளையும் தவறாமல் சாப்பிட வேண்டும். நடுவில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். விரத நாளில் மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது என்று டாக்டரிடம் கேட்டு எழுதிக் கொடுப்பதும் தாதியின் திட்டத்தில் அடங்கும்.

நாட்டு மருந்து, ஜாமு சாப்பிடுவதையும் மறைக்கக் கூடாது. பதிவு பெறாத சில தயாரிப்புகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்துள்ளது. வலி மாத்திரையோடு அதுவும் சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசியும் ஆபத்து கூடும்.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை

தாதி ஒருவரால் மட்டும் நல்ல திட்டம் எழுத முடியாது. ஒரே ஷிப்டில் பல நோயாளிகளைப் பார்க்கிறவருக்கு, குடும்பத்தார்தான் கண்ணும் காதும். மருத்துவமனைக்குப் போகுமுன் ஒரு தாளில் ஐந்து செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, தொல்லை எப்போது தொடங்கியது, சாப்பிடுமுன் கூடுகிறதா, சாப்பிட்டபின் கூடுகிறதா. இரண்டு, நாளுக்கு எத்தனை முறை மலம் போகிறது, நிறம் என்ன, இறுகியா இளகியா. மூன்று, கடையில் வாங்கியது உட்பட எல்லா மாத்திரைகளும்; முடிந்தால் அட்டையோடு கொண்டு போங்கள். நான்கு, கடந்த இரண்டு நாளில் சாப்பிட்டதும் குடித்ததும். ஐந்து, உடல் எடை குறைந்ததா.

மலத்தைப் பற்றிப் பேசக் கூச்சமாக இருக்கிறதா? அதற்காகவே பிரிஸ்டல் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. கெட்டியான உருண்டை முதல் வெறும் நீர் வரை ஏழு வகைகளைப் படமாகக் காட்டியிருப்பார்கள். படத்தைத் தொட்டுக் காட்டினால் போதும். மொழி தேவையில்லை.

மலாய்மொழி வராத பெரியவர்களுக்குத் துணையாகப் பேரப்பிள்ளையை அனுப்பும்போது ஒன்றைச் சொல்லி அனுப்புங்கள்: "பாட்டி சொன்னதைச் சுருக்காதே, அப்படியே சொல்." கடுப்பு என்றால் மலம் கழிக்கும்போது முக்கி முக்கி வலிக்கிறது என்று விளக்கட்டும். வார்டில் "வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது" என்று எழுதியிருந்தால், பாவம் பட்டினியாக இருக்கிறாரே என்று இட்டிலியையோ கஞ்சியையோ மறைத்துக் கொடுக்காதீர்கள். வயிற்றில் உணவு இருந்தால் எண்டோஸ்கோப்பி தள்ளிப்போகும். உணவு மூச்சுக்குழாயில் இறங்கும் ஆபத்தும் உண்டு.

தார் போன்ற மலம், இரத்த வாந்தி, மயக்கம், கல் போல் இறுகிய வயிறு, சிறுநீர் போகாத குழந்தை. இவற்றில் எது தெரிந்தாலும் காலைவரை காத்திருக்க வேண்டாம். 999-ஐ அழையுங்கள் அல்லது அவசரப் பிரிவுக்கு உடனே கொண்டு செல்லுங்கள்.

பயிற்சி மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாளின் முதல் கட்டத்தில் நோயாளி சொன்ன சொல்லை அவர் சொன்னபடியே எழுதுங்கள். தமிழில் சொன்னால் அந்தச் சொல்லையும் எழுதி, பக்கத்தில் பொருளையும் எழுதுங்கள். தமிழ் அறிந்த தாதியர், தமிழ் அறியாத தோழியருக்கு இந்தச் சொற்களை ஓய்வு நேரத்தில் சொல்லிக் கொடுங்கள். இருபது சொற்கள்கூட இல்லை. ஒரு வாரத்தில் கற்றுவிடலாம்.